இருபத்து மூன்று ஐம்பத்தொன்பது

ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் எழுவதை நிறுத்திக்கொள்கிறது.
என் அறிவிப்புப் பலகை நிறுத்துவதில்லை.

ஆராய்ச்சி மாணவர் அலுவலகம், இரண்டாம் மாடி.
ஒரு குண்டூசி டப்பாவும் நானும்.
ஜனவரிக்கானவை இவை:

புள்ளியியல், பயப்படுகிறவர்களுக்கு. செவ்வாய், காலை பத்து.
முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்தார்கள்.
வந்தது நாலு பேர்,
நாலும் பயப்படாத ஆட்கள்.

நெறியாளரிடம் ‘முடியாது’ என்று சொல்வது எப்படி. வியாழன்.
நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.
கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல்,
பேராசிரியர் ஹால்டிஸ் எங்கெலாண்ட்.
அவருக்கும் யாரிடமோ சொல்ல வேண்டியிருந்தது போல.

ஆய்வேட்டை மூன்று நிமிடத்தில் சொல்லும் போட்டி.
ஐந்து வருடத்தை எங்கே மடிப்பது என்று
கேட்டுக் கேட்டுப் போனார்கள்.

சேர்ந்து பேசாமல் எழுதும் சனிக்கிழமை. சூப் இலவசம்.
சூப்புக்காகவே வந்த நிலநடுக்கவியல் தூர்ஸ்டெய்ன்
கிண்ணத்தை இடக்கையில் பிடித்தபடியே
இரண்டு பக்கம் எழுதிவிட்டான், தானே நம்பவில்லை.

பயண நல்கை விண்ணப்பம்: ஜனவரி பதினைந்து, 23.59 வரை.

பதினான்காம் தேதி மதியம்,
மதியம் என்று கடிகாரம் மட்டும் சொன்ன வேளையில்,
ரிஸ்தென் உத்சி வந்தாள்.
காட் மீனின் காதுக்கல்லை நறுக்கி
வளையம் எண்ணுகிறவள்.
கோடைக்கு அகலமாய் ஒன்று, குளிருக்கு மெல்லிசாய் ஒன்று.
மீன் தன் வயதைக் காதுக்குள் வைத்துக்கொண்டு
எங்கும் சமர்ப்பிக்காமல் நீந்துகிறது.

“ஏன் 23.59? நள்ளிரவு என்றே போட்டால் என்ன?”
நள்ளிரவு எந்த நாளுக்குச் சொந்தம் என்று
தகராறு வரும் என்றேன்.
“அப்போ மிச்சமிருக்கிற ஒரு நிமிடம் யாருக்கு?”
ஸ்டேப்ளரில் ஊசி சிக்கியிருந்தது.
அதை நோண்டுகிற சாக்கில் தப்பித்தேன்.

மறுநாள் இரவு அவள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது
00.00க்கு. மேலே பன்னிரண்டு நொடி.
நாலு பக்க எழுத்தும் முப்பத்தேழு மெகாபைட் மீன்காதும்.
கற்களின் படங்கள் கனமானவை.
ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு
கணினி படியேறியிருக்க வேண்டும்.

காலையில் திரையில் சிவப்பு எழுத்து: தாமதம்.
அதை அழிக்கும் பொத்தான் என்னிடம் இல்லை.
காரணம் எழுத ஒரு பெட்டி உண்டு, இருநூறு எழுத்துக்குள்.
‘வெளியே இருட்டு, ஆய்வகத்திலும் இருட்டு,
நாள் எங்கே முடிந்தது என்று
மாணவிக்குத் தெரிய வழியில்லை’
எழுதினேன், அழித்தேன்.
‘பெரிய கோப்பு’ என்று போட்டேன்.
குழு பிப்ரவரி நான்கில் கூடும்.
கெடு தப்பினால் எல்லாம் கெட்டது என்றில்லை என
அவளுக்கு ஒரு வரி அனுப்பினேன்.
அதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.

இருபத்தொன்றாம் தேதிக்கு முன்பதிவு தேவையில்லை:
சூரியன் திரும்புதல். தெற்கு வாசல் படிகள்.
ஜாம் வைத்த பன், நூற்றிருபது.

பதினொன்றே முக்காலுக்கே நின்றுவிட்டோம்,
மூச்சு எல்லோர் முகத்துக்கு முன்னாலும் வெள்ளையாய்.
மலை முகட்டில் மேகம் குந்தியிருந்தது.
அதன் ஓரம் ஆரஞ்சானது, மஞ்சளானது,
அவ்வளவுதான்.
பன்னிரண்டு. பன்னிரண்டேகால்.
“நீட்டிப்பு கேட்டிருக்குமோ?” என்றான்
தூர்ஸ்டெய்ன், வாய் நிறையப் பன்னோடு.
ஹால்டிஸ் இருமிக்கொண்டே சிரித்தார்.
ரிஸ்தென் சிரிக்கவில்லை,
முகட்டைப் பார்த்து உதடசைத்து எதையோ எண்ணினாள்.
“பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வளையம் விழும்”
என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு
இரண்டாவது பன் எடுத்தாள்.

நான் மாடிக்குப் போய்
பலகையிலிருந்து சூரியனைக் கழற்றினேன்.
அதே குண்டூசி, அதே ஓட்டை, அடுத்த தாள்:

நிராகரிப்பை எதிர்கொள்வது. பிப்ரவரி மூன்று, பிற்பகல் இரண்டு.

குழு கூடுவதற்கு முதல் நாள்.
தேதியை நான் பார்த்து வைக்கவில்லை.
அறை அன்றைக்குத்தான் காலி.